ஜப்பானிய வாளின் செய்நேர்த்தி: சான்சோமோ வாளை முன்வைத்து ஒரு விவாதம்

#1 குமரன்_ஒகயாமா

வணக்கம் நண்பர்களே.

ஜப்பானிய வாள் பற்றி நம் குழுமத்தில் வந்த இழைகள் எல்லாம் சாமுராய் கதைகளிலும் சண்டைக் காட்சிகளிலும் போய் முடிந்துவிட்டன. வாளை எப்படிச் செய்கிறார்கள், ஏன் அந்த வடிவம் என்பதை மட்டும் பேச ஓர் இழை வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. பொதுவாகப் பேசினால் பேச்சு நழுவிவிடும். அதனால் ஒரே ஒரு வாளை எடுத்துக்கொள்கிறேன்.

அதன் பெயர் சான்சோமோ. இப்போது ஒகயாமா மாகாணம் செத்தோஉச்சி நகராட்சியின் சொத்து. அங்குள்ள பிசென் ஒசாஃபுனே வாள் அருங்காட்சியகத்தில், ஆண்டில் சில வாரங்கள் மட்டும் காட்சிக்கு வரும். 13ஆம் நூற்றாண்டு, காமகுரா காலத்து வேலை. ஃபுகுஓகா இச்சிமொன்ஜி என்னும் கொல்லர் மரபைச் சேர்ந்தது. (இந்த ஃபுகுஓகா கியூஷூ தீவிலுள்ள பெரிய நகரம் அல்ல. ஒசாஃபுனேயை ஒட்டி, யோஷீ ஆற்றங்கரையில் இருக்கும் ஊர்.) செய்தவர் தன் பெயரை வெட்டவில்லை. அலகு 80 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. போர்த்தலைவர் உஎசுகி கென்ஷின் வைத்திருந்தது, பிறகு அவர் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. 1952இல் தேசியப் புதையல் ஆனது. கென்ஷினின் கோட்டை இருந்த ஜோஎட்சு நகராட்சி முதலில் வாங்கப் பார்த்தது, விலை படியவில்லை. கடைசியில் 2020இல், நாற்பதாயிரம் பேர்கூட இல்லாத செத்தோஉச்சி, நாடு முழுக்க நன்கொடை திரட்டி 50 கோடி யென்னுக்கு வாங்கியது. இந்த மண்ணில் பிறந்த வாள் இந்த மண்ணுக்கே வர வேண்டும் என்று முன்பின் தெரியாதவர்கள் பணம் அனுப்பினார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

பெட்டிக்கு முன்னால் நேராக நின்றால் வாய் (வெட்டும் விளிம்பு) ஓரம் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும், அவ்வளவுதான். முழங்காலை மடக்கி, விளக்கின் ஒளி அலகில் விழுந்து கண்ணுக்குத் திரும்பும் கோணத்தைத் தேட வேண்டும். அது அகப்பட்டதும் வெள்ளைப் பட்டைக்குள்ளே இன்னொரு கோடு எழும். உருண்டை உருண்டையாக மொட்டுத் தலைகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சில இடங்களில் அலகின் அகலத்தில் பாதிக்கு மேல் போய், அடுத்த விரற்கடையிலேயே சட்டென்று தாழும். இரண்டு இடம் ஒன்று போல இருக்காது. இதுதான் ஹமோன்.

இது வரைந்ததோ பொறித்ததோ அல்ல. வாயைக் கடினமாகவும் முதுகை நெகிழ்வாகவும் வைக்கச் செய்த வேலை இரும்புக்குள் விட்டுப்போன தடம். ஜப்பானிய வாளில் அழகாகத் தெரிகிற எல்லாமே, வளைவு, மேற்பரப்பின் ரேகை, இந்த அலை, ஏதோ ஒரு தேவையிலிருந்து வந்தவை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

#2 பட்டறை முருகேசன்

குமரன் தம்பிக்கு வணக்கம். நான் சிவகங்கைப் பக்கம். அப்பா காலத்துலருந்து கொல்லுப்பட்டறை. அரிவாள், கோடாலி, மண்வெட்டி.

எனக்கு ஒரு விசயம் தெரியணும். அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுறப்ப நாங்க வாய்ப்பக்கம் மட்டும் தண்ணியில தொட்டு எடுப்போம். முதுகுல சூடு நிக்கும். அந்தச் சூடு வாய்க்கு இறங்கி வர்றப்ப நிறம் பார்த்து மறுபடி முக்குவோம். அரிவாள் கையடக்கம், சரி. முக்கால் மீட்டருக்கு மேல நீளமா, வளைவா இருக்குற அலகுல வாய் மட்டும் எப்படி ஒரே சீரா வரும்? மண்ணு பூசுவாங்கன்னு கேள்வி. எந்த மண்ணு, எவ்வளவு கனம், விவரமா சொல்லுங்க.

#3 குமரன்_ஒகயாமா

முருகேசன் அண்ணே, நீங்கள் வந்தது இழைக்கே பலம்.

அவர்கள் வாயை மட்டும் முக்குவதில்லை. முழு அலகையும் ஒரே வீச்சில் தொட்டித் தண்ணீருக்குள் இறக்குகிறார்கள். எந்த இடம் எவ்வளவு வேகமாகக் குளிர வேண்டும் என்பதை மண்தான் தீர்மானிக்கிறது. களிமண், கரித்தூள், சாணைக்கல் பொடி மூன்றையும் தண்ணீரில் குழைப்பார்கள். பங்கு ஒவ்வொரு பட்டறைக்கும் தனி. முதுகிலும் பக்கங்களிலும் கனமாக, வாயில் மெல்லிய பூச்சாக. இந்த இரண்டும் சந்திக்கும் எல்லையை மெல்லிய தட்டகப்பையால் எப்படி இழுக்கிறார்களோ அப்படித்தான் பின்னால் ஹமோன் விழும். அந்த எல்லையிலிருந்து வாயை நோக்கிக் குறுக்கே மெல்லிய மண்கீற்றுகளும் வைப்பார்கள்.

மண் நன்றாகக் காய்ந்த பிறகு, பட்டறையை இருட்டாக்கிவிட்டு உலையில் ஏற்றுவார்கள். நிறத்தை வைத்துத்தான் சூட்டைக் கணிக்க முடியும், வெளிச்சம் இருந்தால் கண் ஏமாறும். 750க்கும் 800க்கும் இடைப்பட்ட செல்சியஸ். நுனியிலிருந்து அடிவரை ஒரே நிறமாக வந்ததும் தண்ணீர். மாதக்கணக்கான உழைப்பு அந்த ஓரிரு விநாடியில் நிற்கிறது. வாயில் விரிசல் விழுந்தால் அந்த அலகு கழிவுதான், ஒட்டுப் போட வழியில்லை.

#4 உலோகவியல் நித்யா

முருகேசன் அண்ணனுக்கு ஒரு கூடுதல் தகவல். வாயில் மெல்லிய மண் எதற்கு, வெறுமனே விட்டால் இன்னும் சீக்கிரம் குளிருமே என்று தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறு. பழுக்கக் காய்ந்த வெற்று இரும்பைத் தண்ணீரில் போட்டால் அதைச் சுற்றி நீராவி ஒரு போர்வையாக மூடிக்கொண்டு தண்ணீரை அண்டவிடாது. மெல்லிய மண்பூச்சு அந்தப் போர்வையைச் சீக்கிரம் உடைத்துவிடும். அதனால் வாய் வெறுமனே இருப்பதைவிட வேகமாகவே குளிரும்.

வேகமாகக் குளிர்ந்த வாய் மார்ட்டென்சைட் என்னும் மிகக் கடினமான அமைப்புக்கு மாறுகிறது. மெதுவாகக் குளிர்ந்த முதுகு பியர்லைட்டாக, அடி தாங்கும் தன்மையோடு நிற்கிறது. இரண்டும் கலக்கிற எல்லையில் மார்ட்டென்சைட் துகள்கள் சிதறிக் கிடக்கின்றன. குமரன் முழங்காலை மடக்கிப் பார்த்தது இந்தத் துகள்களில் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான். துகள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிந்தால் நியே என்பார்கள், பனிமூட்டமாகத் தெரிந்தால் நியோய். பிசென் (சான்சோமோ பிறந்த ஒகயாமாப் பகுதியின் பழைய பெயர்) வாள்களில் நியோய் மிகுதி. மசமுனே போன்ற சோஷூ மரபுக் கொல்லர்களிடம் நியே மிகுதி.

வளைவும் தண்ணீரில்தான் முழுமை அடைகிறது. தண்ணீரில் இறங்கியதும் வாய் முதலில் குளிர்ந்து சுருங்கும், அலகு ஒரு கணம் வாய்ப்பக்கமாக வளையும். அடுத்து வாய் மார்ட்டென்சைட்டாக மாறும்போது பருமன் கூடும், அலகு எதிர்ப்பக்கம் திரும்பும். பிறகு முதுகு மெதுவாகக் குளிர்ந்து சுருங்கி அதை மேலும் பின்னுக்கு இழுக்கும். இவ்வளவும் சில விநாடிகளில். எவ்வளவு வளையும் என்பதை முன்பே கணித்து, அந்த அளவு குறைவாக வளைத்துத்தான் கொல்லர் அலகை அடித்து வைத்திருப்பார். போதாவிட்டால் பழுக்கக் காய்ச்சிய செப்புக் கட்டியில் முதுகை வைத்துச் சரிசெய்வார்.

#5 வதனி_லண்டன்

குமரன் அண்ணை, உங்கட கட்சிக்கு நான் எதிர்.

இஞ்ச பிரிட்டிஷ் மியூசியத்தில ஜப்பான் வாள் பாத்தனான். ஒண்டில ஹமோன் நேர் கோடா, வாயோட ஒட்டி ஒரே சீரா ஓடுது. வாய் கடினமா இருக்கோணும், முதுகு நெகிழ்வா இருக்கோணும் எண்டால் அந்த நேர் கோடே போதும்தானே? பிறகு சான்சோமோவில எதுக்கு அவ்வளவு மொட்டும் ஏற்ற இறக்கமும்? அது தேவையில்லை, அந்தக் கொல்லர் ஆசைப்பட்டுச் செய்த வேலை. எல்லாத்தையும் தேவைக்குள்ள அடக்கினால் அந்த மனிசன்ர கையை நாங்கள் காணாமல் போயிடுவம் எண்டு எனக்குப் பயம்.

#6 உலோகவியல் நித்யா

வதனி அக்கா, கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. குமரனுக்குச் சாதகமாக ஒன்று சொல்கிறேன். குறுக்கே வைக்கும் மண்கீற்றுகளுக்குக் கீழே இரும்பு மென்மையாகவே நிற்கும். ஹமோனிலிருந்து வாய் நோக்கி இறங்கும் இந்தக் கீற்றுகளை அஷி என்பார்கள். வாயில் ஒரு துண்டு பெயர்ந்தால் உடைப்பு அடுத்த அஷியில் தடுக்கி நின்றுவிடும், நீளமாக ஓடாது. மொட்டு வடிவம் செறிவாக இருந்தால் அஷியும் செறிவாக இருக்கும்.

அதற்காக நேர்கோட்டு வாள்கள் குறைந்தவை என்று சொல்ல முடியாது. யமாஷிரோ (பழைய கியோட்டோப் பகுதி) மரபில் தலைசிறந்த வாள்கள் பலவும் நேர்கோடுதான்.

#7 குமரன்_ஒகயாமா

வதனி, நீங்கள் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். அஷி தேவை. அந்தத் தேவையை இத்தனை விதமாக நிறைவேற்றலாம் என்ற வெளியில் கொல்லர் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தார். ஆனால் அந்த வெளியைத் திறந்ததே தேவைதான். வெறும் அழகுக்காக யாரும் முதன்முதலில் வாளில் மண் பூசியிருக்க மாட்டார்கள்.

#8 சோழன்77

எல்லாம் சரி நண்பர்களே. உலகுக்கே எஃகு கொடுத்தது நாம். கொடுமணலில் உலை கிடைத்திருக்கிறது. நம் உருக்கு அரேபியா போய் டமாஸ்கஸ் வாள் ஆனது. ஜப்பான்காரர்கள் மடித்து மடித்து அடிப்பதும் நம்மிடமிருந்து போன வித்தைதான் என்று படித்திருக்கிறேன். அதைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை?

#9 உலோகவியல் நித்யா

சோழன், கொடுமணல் பெருமை உண்மை. தமிழ்நாட்டிலேயே மேல்சிறுவளூர் என்ற ஊரிலும் மூசைத் துண்டுகள் (மூசை என்பது உலோகம் உருக்கும் மண்குடுவை) கிடைத்து, உலோகத் தொல்லியல் ஆய்வாளர் சாரதா ஸ்ரீநிவாசன் அவற்றை ஆராய்ந்திருக்கிறார். ஆனால் மடித்து அடிப்பது அங்கிருந்து போனதல்ல. இரண்டும் அடிப்படையிலேயே வேறு வேறு வழி.

நம் உருக்கு மூடிய மூசைக்குள் முழுதாக உருகிக் குழம்பாகி, பிறகு மெல்ல உறையும். கசடு மேலே மிதந்து பிரிந்துவிடும். உள்ளே எல்லா இடமும் ஏறக்குறைய ஒரே தரம். அதை மடிக்க வேண்டிய தேவையே இல்லை. டமாஸ்கஸ் வாளின் ரேகை அந்தக் கட்டி உறைந்த விதத்திலிருந்து வருவது.

ஜப்பானில் தத்தாரா உலையில் இரும்பு முழுதாக உருகுவதில்லை. பெரிய பாளமாகத் திரள்கிறது. ஒரே பாளத்தில் ஓரிடம் கரிமம் அதிகம், ஓரிடம் குறைவு, நடுவில் கசடு சிக்கியிருக்கும். அதைச் சமப்படுத்தத்தான் மடிப்பு. மூலப்பொருள் வேறு என்பதால் முறையும் வேறு.

#10 குமரன்_ஒகயாமா

நித்யா சொன்னதோடு உண்மையான தொடர்பு ஒன்றையும் சேர்க்கிறேன், சோழன். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கப்பல்கள் வழியாக வெளியூர் இரும்பு சிறு கட்டிகளாக ஜப்பானுக்கு வந்தது. அதை நன்பன் இரும்பு என்றார்கள். எச்சிசென் யசுட்சுகு என்ற கொல்லர் அதை வாங்கிப் பயன்படுத்தினார். அப்போது ஜப்பானை ஆண்ட தொகுகாவா இஎயசு தன் பெயரிலிருந்து ஓர் எழுத்தையும் தன் குலச்சின்னமான ஆஓய் இலையையும் அவருக்குக் கொடுத்திருந்தார். அவர் வாள்களின் காம்பில் (பிடிக்குள் மறையும் பகுதி) அந்தச் சின்னமும், நன்பன் இரும்பால் செய்தது என்ற வாசகமும் வெட்டப்பட்டிருக்கும். பெருமையாகச் சொல்லிக்கொள்ளத் தக்க பொருளாக அது இருந்திருக்கிறது. அந்த இரும்பில் ஒரு பகுதி இந்தியாவிலிருந்து போனது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரையில் இரும்பு வாங்கி ஏற்றியவர்கள். அதுவும்கூட உள்ளூர் எஃகோடு கலந்து, ஜப்பானிய முறையில் அடிக்கப்பட்டதுதான். சான்சோமோ அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது.

#11 சோழன்77

யசுட்சுகு பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. காம்பில் வெட்டிய எழுத்தின் படம் கிடைத்தால் போடுங்கள். தத்தாரா உலை பற்றியும் எழுதுங்கள்.

#12 குமரன்_ஒகயாமா

எழுதுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஷிமானே மாகாணம் ஒகுஇசுமோ மலைப்பகுதி. அங்கே கருங்கல் மலை சிதைந்து கிடக்கும் மண்ணில் இரும்பு மணல் கலந்திருக்கிறது. டைட்டானியம் குறைவு, பாஸ்பரஸும் கந்தகமும் மிகக் குறைவு. மேலைநாட்டு இரும்பு வந்த பிறகு இந்த உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. யோஷிதாவில் உள்ள சுகயா தத்தாரா 1751 முதல் 1921 வரை எரிந்தது, அந்தப் பழைய உலைக்கூடம் இன்றும் நிற்கிறது. போர்க்காலத்தில் ராணுவ வாள்களுக்காக ஓர் உலை மறுபடி எரிந்து 1945இல் நின்றது. அதற்குப் பிறகு வாள் கொல்லர்களுக்குச் சரியான எஃகே கிடைக்காத நிலை. 1977இல் ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் ஒகுஇசுமோவில் தத்தாராவை மீட்டெடுத்தது. இன்று நாடு முழுக்க உள்ள வாள் கொல்லர்களுக்குத் தமஹகானே எஃகு அங்கிருந்துதான் போகிறது. குளிர்காலத்தில் மட்டும் உலை மூட்டுவார்கள்.

உலை என்றால் நிரந்தரமானதல்ல. இடுப்பளவு உயரத்தில், தொட்டி வடிவில், ஒவ்வொரு முறையும் களிமண்ணால் புதிதாகக் கட்டுவார்கள். மூன்று பகல், மூன்று இரவு. அரைமணிக்கு ஒருமுறை மணலும் கரியும் மாறி மாறிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். மொத்தத்தில் சுமார் 10 டன் மணல், 12 டன் கரி. தலைமை உலைக்காரருக்கு முரகே என்று பெயர். தீநாக்கின் நிறம், துருத்தித் துளைக்குள் தெரியும் ஒளி, உள்ளே எழும் ஓசை, இவற்றை வைத்து அடுத்த கை மணல் எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்வார்.

இதில் என்னை அசத்தியது உலையின் சுவர். மணலில் உள்ள மாசும் சுவரின் களிமண்ணும் சேர்ந்துதான் கசடாக உருகி வடிகிறது. அதாவது உலை தன் சுவரையே தின்று இரும்பைச் சுத்தம் செய்கிறது. மூன்றாம் நாள் சுவர் மெலிந்து இனித் தாங்காது என்ற கட்டம் வரும். அதுதான் நிறுத்த வேண்டிய நேரம். சுவரை இடித்துத் தள்ளினால் உள்ளே இரண்டரை டன் அளவில் ஒரே பாளம். அதில் தமஹகானே என்று சொல்லத்தக்கது ஒரு டன்னுக்கும் குறைவு.

#13 பட்டறை முருகேசன்

தம்பி, அந்த டன் கணக்குப் பாளத்துலருந்து வாளுக்கு எப்படி வர்றாங்க? எங்க ஊருல லாரிப் பட்டையை (ஸ்பிரிங் தகடு) வெட்டி நேரா அடிக்கப் போயிருவோம்.

#14 குமரன்_ஒகயாமா

அண்ணே, கொல்லர் கைக்கு வரும்போது அது கைப்பிடி அளவுக் கட்டிகள். அவற்றைக் காய்ச்சி ஐந்தாறு மில்லிமீட்டர் தகடாகத் தட்டி, தண்ணீரில் முக்கி, சுத்தியால் உடைப்பார். கரிமம் அதிகமுள்ளது கண்ணாடி போல நொறுங்கும், குறைந்தது வளையும். உடைந்த முகத்தின் பொடித்தன்மையைப் பார்த்து, இது வாளின் கடினமான மேல்தோலுக்கு, இது உள்ளே வைக்கும் மென்மையான உள்சதைக்கு என்று பிரிப்பார். பிறகு ஒரே தரத் துண்டுகளைக் கைப்பிடி வைத்த தகட்டின் மேல் நெருக்கமாக அடுக்கி, ஜப்பானியக் காகிதத்தால் சுற்றி, களிமண் கரைசல் ஊற்றி, வைக்கோல் சாம்பலில் புரட்டி உலைக்குள் விடுவார்.

ஒசாஃபுனேயில் மாதத்தில் ஒரு ஞாயிறு இதைப் பொதுமக்கள் முன் செய்துகாட்டுகிறார்கள். முதல் அடிக்கு முன் பட்டடையில் தண்ணீர் தெளிப்பார்கள். பழுத்த கட்டியை அதன்மேல் வைத்துச் சம்மட்டி இறங்கியதும் வெடிச் சத்தம் கேட்கும். தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி, கட்டியின் மேலுள்ள கருஞ்செதிலைப் பிய்த்து எறிகிறது. செதில் நடுவில் மாட்டினால் மடிப்பு ஒட்டாது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. கொல்லர் சிறு சுத்தியால் எங்கே, எவ்வளவு என்று தட்டிக் காட்ட, எதிரே நிற்கும் சீடர்கள் பெரிய சம்மட்டியால் மாறி மாறி இறக்குவார்கள்.

நீளவாக்கில் அடித்து, நடுவில் உளியால் வெட்டி, மடித்து, மறுபடி ஒட்ட அடிப்பது ஒரு மடிப்பு. ஆயிரம் முறை மடித்த வாள் என்று இணையத்தில் உலவுவது பொய். பத்திலிருந்து பதினைந்து முறைதான். ஆனால் ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்கு இரட்டிக்கும். பத்து மடிப்பில் 1,024, பதினைந்தில் 32,768. ஒவ்வொரு மடிப்பிலும் கரிமமும் எரிந்து குறையும். ஒரு விழுக்காட்டுக்கும் மேல் இருந்தது 0.6 அல்லது 0.7 அளவுக்கு இறங்கும்போது நிறுத்த வேண்டும். மேலும் மடித்தால் வாய் கடினப்படாது. எடையும் பாதிக்குமேல் செதிலாகக் கொட்டிப் போய்விடும்.

மடிப்பின் தடம்தான் மேற்பரப்பில் மர ரேகையாகத் தெரிவது. எந்தத் திசையில் மடித்தார், எப்படித் தட்டினார் என்பதைப் பொறுத்து ரேகை மாறும். யமாதோ மரபில் நேர் ரேகை, பிசெனில் பலகை ரேகை. கஸ்ஸான் மரபில் நெளிந்து நெளிந்து ஓடும் ரேகை, பார்த்த மாத்திரத்தில் அவர்களுடையது என்று சொல்லிவிடலாம்.

#15 ராஜ்_கோவை

அண்ணா, இணையத்தில் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு கையால் அடித்த கட்டானா, உண்மையான ஹமோன் என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?

#16 குமரன்_ஒகயாமா

தம்பி ராஜ், ஜப்பானில் செய்த வாள் அந்த விலைக்கு வராது. உரிமம் பெற்ற கொல்லரிடம் ஆண்டுக்கணக்கில் சீடராக இருந்து, அரசின் பயிற்சித் தேர்வையும் முடித்தால்தான் அங்கே வாள் செய்ய அனுமதி. மாதத்துக்கு நீள வாள் இரண்டு, குட்டை வாள் என்றால் மூன்று, அதற்கு மேல் செய்யக் கூடாது. ஒவ்வொரு வாளுக்கும் பதிவுச் சான்று உண்டு.

நீ பார்த்தது வேறு நாட்டுத் தயாரிப்பாக இருக்கும். அவற்றிலும் மண் பூசித் தோய்த்த நல்ல வேலை உண்டு. ஆனால் பல அலகுகளில் அமிலத்தாலோ கம்பித் தூரிகையாலோ அலையை மேலே தீட்டியிருப்பார்கள். ஒரே வடிவம் அளவெடுத்தது போலத் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்படு. ஒளிக்கோணத்தில் சாய்த்தால் துகள்கள் எழாமல் வெறும் மங்கலாக இருந்தால் உறுதி செய்துகொள். சுவரில் மாட்டி அழகு பார்க்க மட்டும் என்றாலும் நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வாளும் வரும். வாங்குமுன் உள்ளூர்க் காவல்துறையில் விசாரித்துவிடு.

யார் வீட்டிலாவது பழைய ஜப்பானிய வாள் இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிடிக்குள் இருக்கும் காம்பின் துருவைச் சுரண்டாதீர்கள். காலத்தையும் கொல்லரையும் கண்டுபிடிக்க அந்தத் துருவின் நிறமும், அதன் கீழுள்ள அரத்தடமும், ஆணித்துளையும்தான் சாட்சி. பளபளப்பாக்கினால் அந்த வாளின் மதிப்பு அங்கேயே போயிற்று.

#17 ஹரிணி_கியோட்டோ

குமரன் அண்ணா, கொல்லர் வேலையோடு நிறுத்திவிட்டீர்களே! நான் கியோட்டோவில் படிக்கிறேன். சாணை பிடிக்கும் ஆசான் ஒருவரின் பட்டறையில் அனுமதி கேட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

கொல்லர் கையிலிருந்து வரும்போது அலகில் ஹமோனும் ரேகையும் ஒழுங்காகத் தெரியாது. வடிவம்கூட முடிந்திருக்காது. முகடு நேராக ஓடுவதும், முனைப் பகுதியைப் பிரிக்கும் குறுக்குக்கோடு கூர்மையாக நிற்பதும் சாணைக்காரர் கைவேலை. தாழ்ந்த மணையில் குந்தி, கல்லை அழுத்தி நிறுத்தும் மரக்கட்டையை வலது காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கையாலும் அலகைக் கல்லின்மேல் தேய்ப்பார். முரட்டுக் கல்லில் தொடங்கி ஆறேழு கல். ஒவ்வொரு கல்லும் முந்தைய கல்லின் கீறலை முழுதாக எடுக்க வேண்டும். ஒரு கீறல் தப்பினால் கடைசியில் தெரியும், திரும்பவும் பின்னால் போக வேண்டும்.

அதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்கு வியப்பு. கியோட்டோ மலைக் கல்லை நகக்கண் அளவுக்கு மெல்லிய சில்லாக்கி, பின்னால் காகிதம் ஒட்டி, கட்டைவிரலின் கீழ் வைத்து அலகில் நகர்த்துவார். அலகு அசையாது, கல் நகரும். பிறகு எண்ணெயில் கலந்த இரும்பு ஆக்சைடு பொடியைப் பஞ்சில் தொட்டுத் தேய்க்க, உடல் கருநீலமாக ஆழம் கொள்ளும். ஒரு நீள வாளுக்கு வாரக்கணக்கில் ஆகும்.

வதனி அக்கா, நீங்கள் மியூசியத்தில் பார்த்த வெள்ளைப் பட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் சாணைக்காரர் விரல்கல்லால் வெளுப்பாக்கியது. ஹதோரி என்று பெயர், மெய்ஜி காலத்தில் (19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியை ஒட்டி) ஹொன்அமி என்னும் சாணைக்காரக் குடும்பத்தார் வளர்த்த முறை. தூரத்திலிருந்தே ஹமோன் தெரிய வேண்டும் என்று செய்வது. உண்மையான எல்லை அந்த வெளுப்புக்குள்ளே இருக்கும், குமரன் அண்ணா சொன்ன கோணத்தில் மட்டும் தெரியும். இந்த வெளுப்பு வேண்டாம், கொல்லர் விட்ட கோடே போதும் என்று பழைய முறையில் சாணை பிடிக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கும் அதுதான் பிடிக்கும்.

#18 வதனி_லண்டன்

ஹரிணி, நல்லா எழுதியிருக்கிறீங்கள் பிள்ளை. இப்ப என்ர கேள்வி இன்னும் பெரிசாகுது. நான் அழகு எண்டு பாத்ததில கொல்லர் எவ்வளவு, சாணைக்காரர் எவ்வளவு? சான்சோமோவை இத்தனை நூற்றாண்டில எத்தனை கை தேய்ச்சிருக்கும். ஒவ்வொரு தரமும் இரும்பு குறையும் எல்லோ?

#19 ஹரிணி_கியோட்டோ

குறையும் அக்கா. அதனால்தான் தேவை இல்லாமல் சாணை பிடிக்கச் சம்மதிக்க மாட்டார்கள். நிறையத் தேய்ந்த வாளில் மேல்தோல் எஃகு போய் உள்சதை எட்டிப் பார்க்கும், நிறமே வேறாக இருக்கும், ரேகையும் அங்கே அறுந்துபோகும். சான்சோமோவில் இத்தனை உயரமான ஹமோன் இன்னும் முழுதாக நிற்கிறது என்றால் வைத்திருந்தவர்கள் அப்படிக் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உறை செய்கிறவர் வேறு, அலகின் அடியில் செப்புக் கவசம் போடுகிறவர் வேறு. உறைக்கு ஹோ என்னும் மரம், மென்மையானது, பிசின் இல்லாதது. உறைக்குள் அலகு எங்கேயும் உரசாது, அந்தச் செப்புக் கவசத்தில் மட்டும் இறுகி நிற்கும். கென்ஷின் வைத்திருந்த சான்சோமோவின் பிடிக்கு சுபா என்னும் கைக்காப்புத் தகடே கிடையாது, பிடியும் உறையும் நேராகச் சந்திக்கும். பெரிய வாளுக்கு அது அரிது.

#20 பட்டறை முருகேசன்

எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது. மண்ணு பூசித் தோய்ச்சுப் பாக்கப் போறேன். வாள் இல்ல, சின்னக் கத்தி. நித்யா தாயி, லாரிப் பட்டையில கோடு வருமா?

#21 உலோகவியல் நித்யா

வராது அண்ணே. பட்டையில் குரோமியமோ மாங்கனீசோ அதிகம். அவை இருந்தால் மெதுவாகக் குளிர்ந்தாலும் இரும்பு கடினமாகிவிடும், மண்ணுக்குக் கீழேயும் கடினப்பட்டு எல்லை கலங்கிப்போகும். தமஹகானேயில் அந்தக் கலப்பு ஏறக்குறைய இல்லை. கோடு அவ்வளவு துல்லியமாக விழுவதற்கு அதுவே காரணம்.

பழைய பெரிய அரம் கிடைத்தால் எடுங்கள். கரிமம் அதிகம், கலப்பு குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. முதலில் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து இரவெல்லாம் ஆறவிடுங்கள். பல் வரிகளை ஒரு வரி மிச்சமில்லாமல் தேய்த்து எடுங்கள், தண்ணீரில் விரிசல் அந்த வரியில்தான் தொடங்கும். மண் முதுகில் மூன்று மில்லிமீட்டர், வாயில் பூச்சு மட்டும், முழுக்கக் காய வேண்டும். காந்தம் ஒட்டாத சூடு வந்து இன்னும் சிறிது ஏறியதும் வெதுவெதுப்பான தண்ணீர். எடுத்த உடனே 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள்.

#22 பட்டறை முருகேசன்

தாயி, மூணு போட்டேன். முதல் கத்தி தண்ணிக்குள்ளயே டிக்குன்னு சத்தம், வாயில விரிசல். ரெண்டாவதுல காயுறப்பவே மண்ணு உதிர்ந்துருச்சு. மூணாவது நின்னுருச்சு. வாய் அரத்தை வழுக்குது, முதுகுல அரம் கடிக்குது. ஆனா கோடு கண்ணுக்குத் தெரியல.

#23 உலோகவியல் நித்யா

முதுகில் அரம் கடித்து வாயில் வழுக்குகிறது என்றால் கோடு உள்ளே இருக்கிறது அண்ணே. எண்ணூறு நம்பர் உப்புத்தாள் வரை ஒரே திசையில் தேயுங்கள். பிறகு எலுமிச்சைச் சாற்றைச் சூடாக்கித் தடவி, இரண்டு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். முதுகுப் பக்கம் கறுக்கும், வாய் வெளுப்பாக நிற்கும். மண் உதிர்ந்ததற்குக் கரித்தூளைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள், காயும்போது மண் வெடிக்காது. விரிசலுக்கு, தண்ணீரில் மூன்று விநாடி, எடுத்து உடனே எண்ணெயில்.

#24 ஹரிணி_கியோட்டோ

முருகேசன் அண்ணா, எலுமிச்சைக்குப் பிறகு மேலே படிந்த கறுப்பைச் சமையல் சோடாவை நனைத்துத் துணியால் மெல்லத் துடைத்துவிட்டுப் படம் எடுங்கள். குழல் விளக்கு வேண்டாம், ஒற்றை பல்பு போதும். கேமராவை அசைக்காமல் கத்தியைச் சாய்த்துச் சாய்த்து நாலைந்து கோணத்தில் எடுத்துப் போடுங்கள். விரிசல் விழுந்த கத்தியின் உடைந்த முகத்தையும் சேர்த்துப் போடுங்கள், நித்யா அக்கா பார்த்துவிட்டு எவ்வளவு சூடு கூடிவிட்டது என்று சொல்லிவிடுவார்.